நோயாளரின் குருதியில் மரபணு ஆய்வு: கொழும்பில் புதிதாகத் தொடங்குவோர் ஊசி எடுக்குமுன் முடிக்க வேண்டிய வேலைகள்

மட்டக்களப்பிலிருந்து பட்டப்பின்படிப்புக்காகக் கொழும்புக்கு வந்தபோது என் கையில் ஒரு கேள்வி இருந்தது. தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோய் உள்ள பிள்ளையின் குடும்பத்தில் யார் யார் அந்த நோயின் காவி (தனக்கு நோய் இல்லாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்) என்பதை, விலை கூடிய இயந்திரம் இல்லாமல், டி.என்.ஏ.யின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் சாதாரண பி.சி.ஆர். முறையில் கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா? கேள்வி சரியாகத்தான் இருந்தது. ஆனால் முதல் குருதிக் குழாயைக் கையில் வாங்க எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. அதில் ஐந்து மாதத்தையாவது மிச்சம் பிடித்திருக்கலாம். அந்த ஐந்து மாதம் உங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளரிடம் மாதிரி எடுத்து, பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் டி.என்.ஏ. சோதனை செய்யப் போகிறவர்களுக்கு இது பொருந்தும். டெங்கு, புற்றுநோய், காசநோய் என்று நோய் மாறினாலும் வழி பெரும்பாலும் இதுதான்.

1. ஆய்வுகூடத்தைப் போய்ப் பார்த்துவிட்டுத் தலைப்பை எழுதுங்கள்

கொழும்பில் இந்த வேலை நடக்கும் இடங்கள் பல அருகருகே இருக்கின்றன. கின்சி வீதியில் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடம், அதன் மனித மரபியல் பிரிவு, பொறளையில் எம்.ஆர்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். குமாரதுங்க முனிதாச மாவத்தையில் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிரியல் தொழில்நுட்பத்துக்கான நிறுவனம். இணையப் பக்கத்தில் உள்ள இயந்திரப் பட்டியலை நம்பித் தலைப்பு எழுத வேண்டாம். நேரில் போய், இன்றைக்கு எந்த இயந்திரம் ஓடுகிறது, அதற்கு யாரிடம் நேரம் பதிய வேண்டும், ஆய்வுகூடத்தைப் பயன்படுத்த வெளியார் மேசைக் கட்டணம் கட்ட வேண்டுமா, மைனஸ் 80 பாகை உறைகலன் ஜெனரேட்டரில் பொருத்தியிருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்ய வேண்டாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. ஒவ்வொரு டி.என்.ஏ. மாதிரியையும் இரண்டாகப் பிரித்து, இரண்டு வேறு இடங்களில் உள்ள உறைகலன்களில் வையுங்கள்.

2. இரண்டு மேற்பார்வையாளர்

ஆய்வுகூடம் தெரிந்த ஒருவர், நோயாளரைப் பார்க்கும் விசேட வைத்திய நிபுணர் ஒருவர் என்று இருவர் வேண்டும். இரண்டாமவர் இல்லாமல் எந்த வார்டுக்கும் நீங்கள் வெளியாள்தான். இருவரிடமும் முதல் மாதத்திலேயே கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வாங்கிவிடுங்கள். வைத்திய நிபுணருக்கு இடமாற்றம் வரலாம். வந்தால் அடுத்து யார் பொறுப்பு என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

3. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை இன்றே தொடங்குங்கள்

வழக்கமான அட்டவணையில் மூன்று ஊசி: இன்று, ஒரு மாதத்தில், ஆறாம் மாதத்தில். மூன்றாவது ஊசி போட்டு ஓரிரு மாதம் கழித்து எதிர்ப்புடல் அளவு பார்க்க வேண்டும். அது 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். எல்லாம் முடிய ஏழு, எட்டு மாதம் ஆகும். நான் சில மாதம் கழித்துத்தான் இதை நினைத்தேன். ஊசி முடியாதவரைக் குருதி தொட விட முடியாது என்று ஆய்வுகூடப் பொறுப்பாளர் சொன்னார். அவர் சொன்னது சரி. சிறுவயதில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து வாருங்கள்.

4. எந்தக் குழுவிடம் விண்ணப்பிப்பது

மனிதரிடம் மாதிரி எடுக்கும் எந்த ஆய்வுக்கும் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி வேண்டும். பேச்சில் 'எதிக்ஸ்' என்பார்கள். கொழும்பு மருத்துவ பீடத்துக்கு ஒரு குழு உண்டு. தேசிய வைத்தியசாலைக்கும், லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும், எம்.ஆர்.ஐ.க்கும் தனித்தனிக் குழுக்கள் உண்டு. பல்கலைக்கழகக் குழுவின் அனுமதி போதுமா, ஆஸ்பத்திரியின் குழுவிடமும் போக வேண்டுமா என்பதை விண்ணப்பிக்கும் முன்னரே ஆஸ்பத்திரியில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒன்று முடிந்த பிறகு இன்னொன்று இருக்கிறது என்று தெரிந்தால், உங்கள் நாட்காட்டியில் மூன்று மாதம் போய்விடும்.

மருந்து கொடுத்தோ சிகிச்சையை மாற்றியோ பார்க்கும் ஆய்வானால் வேலை இன்னும் இருக்கிறது. முதல் நோயாளரைச் சேர்க்குமுன் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். மருந்தைச் சோதிப்பதற்கு தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதியும் தேவைப்படும். என்னுடையது வெறும் சோதனை ஆய்வு என்பதால் அந்தப் பாதையில் நான் போகவில்லை.

ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: தொடங்கிவிட்ட ஆய்வுக்குப் பின்தேதியிட்ட அனுமதி கிடையாது. 'சும்மா பழகிப் பார்க்க' என்று வார்டிலிருந்து பத்து மாதிரி எடுத்துவிட்டு விண்ணப்பித்தால், அந்தப் பத்தும் வீண். பழக வேண்டுமானால் ஆய்வுகூடத்தில் முறையாக வைத்திருக்கும், முடிவு ஏற்கெனவே தெரிந்த கட்டுப்பாட்டு டி.என்.ஏ.யைக் கேட்டு வாங்குங்கள்.

5. கோப்பு

குழுவுக்குக் குழு படிவம் வேறுபடும். ஆனால் நான் கொடுத்தவற்றில் எதையும் எந்தக் குழுவும் வேண்டாம் என்று சொல்லாது: ஆய்வுத் திட்டம், விண்ணப்பப் படிவம், எல்லா ஆய்வாளரின் தகைமை விபரம், மேற்பார்வையாளர் கடிதங்கள், வினாக்கொத்து இருந்தால் அது, நோயாளருக்கான தகவல் தாள், சம்மதப் படிவம், செலவுத் திட்டம், கட்டணம் கட்டிய ரசீது. தகவல் தாள், சம்மதப் படிவம், வினாக்கொத்து மூன்றும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் வேண்டும்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் பதிப்பு எண்ணும் திகதியும் போடுங்கள். குழு ஆங்கிலப் படிவத்தில் ஒரு வாக்கியத்தை மாற்றச் சொன்னால் மற்ற இரண்டிலும் மாற்ற வேண்டும், மூன்றிலும் பதிப்பு எண் மாற வேண்டும். நான் ஆங்கிலத்தை மட்டும் திருத்திக் கொடுத்தேன். கோப்பு திரும்பி வந்து அடுத்த கூட்டத்துக்குத்தான் போனது.

குழு வழக்கமாக மாதம் ஒருமுறைதான் கூடும். அதற்குச் சில வாரம் முன்பே விண்ணப்பம் ஏற்பது நின்றுவிடும். அந்தத் திகதியைத் தெரிந்துகொண்டு பின்னாலிருந்து நாள் எண்ணுங்கள். கேள்விகள் வராமல் முதல் தடவையிலேயே அனுமதி கிடைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். விண்ணப்பத்திலிருந்து அனுமதி வரை எனக்கு ஐந்து மாதம் ஆனது. ஏப்ரலில் புத்தாண்டு, மாதந்தோறும் போயா விடுமுறை, இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. தமிழ்ப் படிவம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

பெரும்பாலான மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்துக்கு ஒரு நண்பரிடம் கொடுத்து, தமிழுக்குக் கடைசி இரவில் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுக்கிறார்கள். அப்படி வந்த ஒரு படிவத்தை நான் பார்த்தேன். ஆங்கிலத்தில் 'கல்ச்சர்' எனப்படும், ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'இரத்தக் கலாசாரம்' என்று இருந்தது. அந்தத் தாளில் கையெழுத்து வைத்தவர் எதற்குச் சம்மதித்தார்? அந்தச் சம்மதம் சம்மதமே இல்லை.

நமக்குள்ளேயே சொற்கள் ஒன்றல்ல. இலங்கைப் பாடநூலில் படித்தவருக்கு 'பரம்பரையலகு', 'நிறமூர்த்தம்', 'குருதி'. இந்தியத் தொலைக்காட்சி பார்ப்பவருக்கு 'மரபணு', 'ரத்தம்'. பள்ளிக்கூடம் அதிகம் போகாத தாய்க்கு இரண்டு பக்கமும் கைகொடுக்காது. ஆகவே சொல்லை விட்டுவிட்டு விஷயத்தைச் சொல்லுங்கள். 'மரபணுப் பரிசோதனை' என்பதோடு நிறுத்தாமல், 'தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடம்பின் குறிப்பில், இந்த நோயை உண்டாக்கும் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்போம்' என்று எழுதினேன். '5 மில்லிலீட்டர்' என்பதற்குப் பக்கத்தில் 'ஒரு தேக்கரண்டி அளவு' என்று போட்டேன். 'காவி' என்ற சொல் சுகாதாரப் பிரசுரங்களில் இருக்கிறது. ஆனால் வாசித்துக் காட்டியபோது ஒரு அப்பா நிறத்தைத்தான் நினைத்தார். 'நோய் இல்லை, ஆனால் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்' என்று விரித்து எழுதிய பிறகு அவருக்கு விளங்கியது. 'நெகட்டிவ்', 'எதிர்மறை' இரண்டும் வேண்டாம். பலருக்கு அது கெட்ட செய்தியாகக் கேட்கிறது. 'அந்த மாற்றம் காணப்படவில்லை' என்று எழுதுங்கள்.

எழுதி முடித்ததும், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்துத் தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். மூலத்தோடு எங்கே விலகுகிறது என்பது அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு மூன்று பேரிடம் உரக்க வாசித்துக் காட்டுங்கள்: ஊரிலிருந்து ஒருவர், மலையகத்திலிருந்து ஒருவர், கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒருவர். எனக்கு இதற்கு இரண்டு வாரமும் சில பஸ் பயணங்களும் மட்டுமே செலவாகின.

'நீங்கள் மறுத்தால் சிகிச்சை பாதிக்கப்படாது' என்ற வரி எல்லாப் படிவத்திலும் இருக்கும். அதை வாயால் சொல்லியே ஆக வேண்டும். நுவரெலியாப் பக்கத்திலிருந்து பிள்ளையோடு வந்திருந்த ஒரு தாய், படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இதுல கையெழுத்து வெக்கலன்னா புள்ளைக்கு ரத்தம் ஏத்த மாட்டீங்களா சார்?" வெள்ளைக் கோட்டைப் பார்த்து என்னையும் வைத்தியர் என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து சம்மதம் கேட்கப் போகும்போது கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். முதல் வாக்கியமாக, 'நான் டொக்டர் இல்லை, படிக்கிற ஆள். நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் பிள்ளைக்கு இன்றைக்கு வழக்கம்போல ரத்தம் ஏற்றுவார்கள்' என்று சொன்னேன். அந்தத் தாய் அன்று சம்மதிக்கவில்லை. அடுத்த மாதம் கணவரோடு பேசிவிட்டு வந்து சம்மதித்தார். யோசிக்க நேரம் கொடுப்பதையும் உங்கள் திட்டத்தில் எழுதுங்கள்.

மிஞ்சும் மாதிரியை எதிர்கால ஆய்வுக்கு வைத்திருப்பதற்குத் தனியாக ஒரு கேள்வியும் தனியாக ஆம், இல்லை என்ற கட்டமும் வேண்டும். பிள்ளைகளுக்கு, பெற்றோரின் சம்மதத்தோடு, வயதுக்கேற்ற எளிய தாள் ஒன்றும் வேண்டும்; எந்த வயதிலிருந்து என்பதைக் குழுவின் வழிகாட்டலில் பாருங்கள்.

7. செலவு

கணக்கில் எல்லோரும் தவறும் இடம் ஒன்று: நூறு நோயாளர் என்றால் நூறு சோதனை அல்ல. இலங்கையில் பீட்டா தலசீமியாவில் அடிக்கடி காணப்படும் மாற்றங்களில் ஐ.வி.எஸ். 1-5, ஐ.வி.எஸ். 1-1 இரண்டும் உண்டு. அவற்றோடு ஹீமோகுளோபின் ஈ. இந்த மூன்றையும் பார்க்க நான் திட்டமிட்டேன். ஒவ்வொன்றுக்கும் இயல்பானதற்கு ஒரு குழாய், மாறியதற்கு ஒரு குழாய். ஆக ஒருவருக்கு ஆறு குழாய், நூறு பேருக்கு 600. ஒவ்வொரு தொகுதியிலும் கட்டுப்பாட்டு மாதிரிகளும் வெற்று நீர்க் குழாயும் சேரும். முறையைச் சீர்செய்யும் மாதங்களும், சரியாக வராதவற்றைத் திரும்பச் செய்வதும் அதற்கு மேல். 800க்குக் குறையாமல் கணக்குப் போடுங்கள். டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் கிட் பெரும்பாலும் 50 மாதிரிக்கு வரும். நூறு பேருக்கு இரண்டு கிட் வாங்கினால் கை பழகுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

இரசாயனப் பொருட்கள் இறக்குமதியாகின்றன. விலை டொலரோடு ஆடும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த நேரத்தில் ஆய்வு நடத்தியவர்களின் திட்டமெல்லாம் பாதியாகச் சுருங்கியது. விலைமனுவில் அது எத்தனை நாள் செல்லுபடியாகும் என்று இருக்கும். பல்கலைக்கழகக் கொள்வனவு அதற்குள் முடியாது. செலவுத் திட்டத்தில் ஒதுக்கம் ஒன்று வையுங்கள்.

எனக்கு நொதிப்பொருள் வரப் பத்து வாரம் ஆனது. பனிக்கட்டியில் வரும் பொதி வெள்ளிக்கிழமை மாலையில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் திங்கள் வரை அங்கேயே கிடக்கலாம். போயாவும் சேர்ந்தால் இன்னும் ஒரு நாள். வாரத்தின் முதல் பாதியில் இறங்குமாறு அனுப்பும்படி விநியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எதிக்ஸ் கட்டணம், மூன்று மொழிப் பிரதிகள், குழாய், கையுறை, நோயாளர் தனியாக வர வேண்டியிருந்தால் அவரது பஸ் கட்டணம், இவை சிறியவை போலத் தெரியும். பஸ் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். குருதிக்கு விலை கொடுக்கக் கூடாது. உதவித்தொகைக்கு மெயிட்லண்ட் பிளேஸில் உள்ள தேசிய விஞ்ஞான மன்றத்தின் அறிவித்தல்களையும் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதியையும் பாருங்கள்.

8. ஆஸ்பத்திரி அனுமதி

எதிக்ஸ் கடிதம் கிடைத்தவுடன் வார்டுக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிப் பணிப்பாளருக்கு, வைத்திய நிபுணர் மூலமாக, எதிக்ஸ் கடிதத்தின் பிரதியோடு விண்ணப்பியுங்கள். கையளித்ததற்கு உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். என் முதற் கடிதம் ஒரு மேசையில் ஆறு வாரம் கிடந்து தொலைந்தது. கையளித்ததற்கு என்னிடம் எந்தச் சான்றும் இருக்கவில்லை.

அனுமதி வந்ததும் வார்டின் பொறுப்புத் தாதியைப் போய்ச் சந்தியுங்கள். எந்த நாளில் எத்தனை மணிக்கு வந்தால் வேலைக்கு இடைஞ்சல் இல்லை என்று அவர்தான் சொல்ல முடியும். சிங்களம் சரளமில்லாவிட்டாலும் நான்கு வாக்கியம் பழகிக்கொண்டு போங்கள்.

9. மாதிரி எடுக்கும் நாள்

ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. (குருதி உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய்தான். பச்சை மூடிக் குழாயில் ஹெபரின் இருக்கிறது, அது பி.சி.ஆரைத் தடுக்கும். வார்டில் கைக்கு எட்டுவதை எடுக்க விடாமல் உங்கள் குழாயை நீங்களே கொண்டுபோங்கள். நிரப்பியதும் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கக் கூடாது. குழாயில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் மட்டும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் வேறிடத்தில் பூட்டில் இருக்கட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவையும் சுகாதாரத் தரவையும் விசேட வகையில் வைத்திருக்கிறது.

தலசீமியாப் பிள்ளைகள் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வருவார்கள். ஏற்றுமுன் பொருத்தம் பார்க்க எப்படியும் குருதி எடுப்பார்கள். அந்த ஒரே குத்தில் உங்கள் மாதிரியையும் எடுக்கலாம் என்று திட்டத்தில் எழுதிக் கேளுங்கள். பிள்ளைக்கு இன்னொரு வலி இல்லை. ஏற்றிய பிறகு எடுத்தால் கொடையாளியின் குருதி கலந்த மாதிரிதான் கிடைக்கும் என்ற சிக்கலும் இல்லை.

கொண்டுபோகும்போது மூன்று அடுக்கு: குழாய், உறிஞ்சும் தாளோடு கசியாத பை, கடினமான பெட்டி. பனிப்பொதியில் குழாய் நேரே படக் கூடாது, துணி சுற்றுங்கள். பாடசாலை விடும் ஒன்றரை மணிக்குப் பொறளைச் சந்தியில் ஓட்டோவில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பதினொரு மணிக்குள் புறப்படுங்கள்.

10. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால்

இதை முதல் விண்ணப்பத்திலேயே சொல்லுங்கள், சம்மதப் படிவத்திலும் எழுதுங்கள். இரு நிறுவனங்களுக்கும் இடையில் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியது நிறுவனம், மாணவர் அல்ல. மிஞ்சும் மாதிரி என்னவாகும், தரவு யாருக்குச் சொந்தம் என்ற இரண்டு வரிகளை நிதானமாக வாசியுங்கள்.

11. முடிவை யாரிடம், எப்படிச் சொல்வது

இதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். ஆனால் தீர்மானிக்க வேண்டியது முதலில். குடும்பமாகச் சோதிக்கும்போது கேட்காத உண்மைகளும் வெளிப்படலாம். அப்பா என்று வந்தவர் உடலால் அப்பா இல்லை என்பது தெரியவந்தால் என்ன செய்வீர்கள்? நோய் பற்றிய முடிவை மட்டுமே தெரிவிப்போம் என்று படிவத்திலேயே எழுதி, குழுவின் அனுமதியோடு அதில் உறுதியாக நில்லுங்கள். நோயில்லாத சின்னத் தம்பி தங்கைகளைக் காவியா என்று சோதிக்க அவசரப்பட வேண்டாம். அவர்கள் வளர்ந்து தாங்களே கேட்கும்வரை பொறுப்பதே பரவலாக ஏற்கப்பட்ட வழக்கம். பெற்றோர் வற்புறுத்தினாலும் அதைப் பொறுமையாக விளக்குங்கள்.

ஆய்வுகூட முடிவை நீங்கள் நேரடியாகத் தொலைபேசியில் சொல்லக் கூடாது. வைத்திய நிபுணர், முடிந்தால் மரபியல் ஆலோசனை சொல்லப் பயின்ற ஒருவர், நேரில் சொல்லட்டும். தாய் தகப்பன் இருவரும் காவியானால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. 'ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது' என்று அதைப் புரிந்துகொண்ட குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு மஞ்சாடி விதை, ஒன்றுக்கு வெள்ளைச் சாயம், ஒரு சிறு பை. ஒவ்வொரு தடவையும் எடுத்த விதையைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கச் சொன்னேன். அப்போது விளங்கியது.

கையில் ஒரு கடிதமும் கொடுங்கள். குடும்பத்தின் மொழியில், ஒரே பக்கத்தில்: எதைப் பார்த்தோம், என்ன கண்டோம், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் மீண்டும் உறுதிசெய்ய வேண்டுமா, அடுத்து எந்த கிளினிக்குக்கு எந்தக் கிழமையில் வர வேண்டும். கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைக்கும் அளவில் அச்சிடுங்கள்.